மாதா வள்ளத்துப் பெற்றோல் பெட்டி

ஓகஸ்ட் 27, புதன்

கச்சான் காற்று விடவில்லை. முற்றத்து மணலில் பாதி விறாந்தையில். கூட்டுவதை நிறுத்திவிட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆவியமுக்கம். பின்வரிசை நித்திரை. வெக்கையைத்தான் குறை சொல்ல வேண்டும். கொஞ்சம் என்னையும்.

வீட்டுக்கு வந்தால் பெற்றோல் மணம். தம்பி அருளின் வள்ளத்துத் தாங்கி, சிவப்புப் பிளாஸ்ரிக், என் சாய்மனைக் கதிரைக்குப் பின்னால் குந்தியிருக்கிறது. வழக்கமாக வள்ளத்துக்குள்ளேயே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வருவான். எண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் அடித்த பெட்டி அது. கரையில் நின்ற வள்ளங்களின் தாங்கிகளுக்குள் குழாய் விட்டு உறிஞ்சிக்கொண்டு போனார்கள் அப்போது. பலகைக்கு மேல் பைபர் பூசி, கொண்டி வைத்து, கைமுட்டியளவு பூட்டு. வரிசை போய்விட்டது. பூட்டு போகவில்லை.

இப்போது பெட்டிக்கு நீலப் பெயின்ற் அடிக்கிறானாம். காயும்வரை தாங்கி வீட்டில்.

எடுக்கச் சொன்னேன். "ரெண்டு நாள் அக்கா" என்றான். குசினியில் அடுப்பு எரிகிறதே என்றேன். அவன் மனைவி, மச்சாள் ரெஜினா, எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான் தீர்வு.

தலையிடி. குளிசை ஒன்று.

28, வியாழன்

பெட்டிக்கு ஏன் பெயின்ற் என்று இன்று தெரிந்தது. இந்த முறை மாதா எங்கள் வள்ளத்தில் போகிறா.

திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் சுரூபத்தைக் கோயிலிலிருந்து இறக்கி, களப்பைக் கடந்து அக்கரைச் சிற்றாலயத்துக்குக் கொண்டுபோவது இந்தக் கரையின் வழக்கம். வருடத்துக்கு ஒரு வீட்டு வள்ளம். சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்பார்கள். அப்பாவின் பெயர் ஒரு நாளும் வரவில்லை. அருளுக்கு இதுதான் முதல் தரம். ஞாயிறு பூசையிலேயே பெயர் வாசித்தார்களாம். நான் கோயிலுக்குப் போவதில்லை என்பதால் எனக்கு மட்டும் பிந்திய செய்தி.

மத்தியானம் கோயில் மூப்பர் சவரிமுத்து வந்தார். வள்ளத்துக்குள் ஏறிப் பெட்டியைச் சாணால் அளந்தாராம். சுரூபத்தின் அடிப்பலகைக்கு அளந்து செய்த மாதிரி இருக்கிறதாம். வேறு பீடம் தேவையில்லை. பெட்டிக்கு வெள்ளைத் துணி சுற்றி, மேலே மாதா, முன்னால் பூவும் மெழுகுதிரித் தண்டும். பெட்டியைச் சுற்றி வெள்ளை உடுத்த ஆறு பெண் பிள்ளைகள், கையில் மெழுகுதிரியோடு பாடிக்கொண்டு. அதில் ஒருத்தி எங்கள் டிலானி, அருளின் மூத்தவள்.

அருள் சோற்றைப் பிசைந்தபடி கதைத்துக்கொண்டேயிருந்தான். குழம்பு ஆறிப்போனது. அவன் இப்படிக் கதைத்துப் பார்த்துக் கன காலம்.

பெட்டிக்குள் தாங்கி. பெட்டிக்கு மேல் மெழுகுதிரி. கேட்கும்போது உறைக்கவில்லை. எழுதும்போது உறைக்கிறது.

30, சனி

கொடியேற்றம். வெடிச் சத்தத்துக்கு நாய் கட்டிலுக்குக் கீழே. வினாத்தாள் திருத்தினேன். ஒருவன் "பெற்றோல் மிகவும் வேகமான திரவம்" என்று எழுதியிருக்கிறான். அரைப் புள்ளி கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுக்கவில்லை.

பெயின்ற் காய்ந்து தாங்கி பெட்டிக்குப் போய்விட்டது. விறாந்தை மணம் போகவில்லை.

அருள் விடிய வலை எடுக்கப் போனவன், மத்தியானம் கடந்து வந்தான். இஞ்சின் நடுவில் நின்றுவிட்டதாம். இழுத்தால் பிடிக்கிறது, கொஞ்ச நேரம் ஓடுகிறது, திரும்ப நிற்கிறது. கடைசியில் இன்னொரு வள்ளம் கயிறு போட்டு இழுத்து வந்தது. "மாதா போற வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வாறம் எண்டு ஒரே பகிடி அக்கா." அவன் சிரிக்கவில்லை.

மெக்கானிக் வந்து பிளக்கை மாற்றினான். நான் அருளிடம் தாங்கி மூடியைப் பற்றிக் கேட்டேன். மூடியின் நடுவில் ஒரு சின்னத் திருகு உண்டு. தளர்த்தினால் காற்றுப் போய்வரும். உள்ளே எண்ணெய் குறையக் குறையக் காற்றுப் போகாவிட்டால் இஞ்சின் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு நிற்கும். திருகை இறுக்கித்தான் வைத்திருந்தானாம். ஏன்? மணக்கிறது. மாதா நிற்கப் போகிற இடத்தில் பெற்றோல் மணம் வரக் கூடாது.

சரி, திறந்து விடு என்றேன். சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்தேன். திறந்தால் ஆவி முழுக்க அந்தப் பெட்டிக்குள்.

31, ஞாயிறு

பூசை முடிந்து ஊர் வீட்டில் இருந்த நேரம் கரைக்குப் போனேன். மணல் கொதிக்கிறது. செருப்புக்கு மேலாகச் சுட்டது.

பெட்டி வடிவாகத்தான் இருக்கிறது. ஆகாய நீலம். விளிம்பெல்லாம் சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டியிருக்கிறான். மூடிப் பூட்டினால் காற்றுப் புகாது. இஞ்சினுக்குப் போகும் குழாய் வெளிவரும் ஓட்டையையும் மெழுகால் அடைத்திருக்கிறான். மணம் வெளியே வராமல் இருக்கவாம். நல்ல வேலை, பிழையான வேலை.

அருள் வந்து பூட்டைத் திறந்து காட்டினான், பெருமையாக. மூடி எழும்பியதும் முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. வெயிலுக்குத் தாங்கி பேத்தை மீன் மாதிரி ஊதிக் கிடக்கிறது. திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். சீறிக்கொண்டு வந்தது. அவனும் பின்வாங்கினான். பிறகு ஏதோ பாம்பாட்டியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான்.

சொன்னேன்: இந்த ஆவி காற்றைவிடப் பாரம். மேலே போகாது. அடியில் படுத்திருக்கும். மூடி கொஞ்சம் விலகினாலும் தண்ணீர் மாதிரி வழிந்து வள்ளத்தின் அடிக்குப் போகும், பிள்ளைகள் கால் வைக்கிற இடத்துக்கு. அங்கே ஒரு மெழுகுதிரி சரிந்தால் போதும்.

"சரியாது அக்கா. தண்டில செருகித்தான் வைக்கிறது."

களப்பில் அலை இல்லையா?

"மாதா போறபோது களப்பு பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும். நீங்கள் வந்து பாத்தால்தானே."

வீட்டுக்கு வரும் வழியில் செருப்பு வார் அறுந்தது. வாங்க வேண்டும்: செருப்பு, சிவப்புப் பேனை, நாய்க்கு உண்ணி மருந்து.

செப்ரெம்பர் 2, செவ்வாய்

பாடசாலைக் கிணற்று மோட்டார் பழுது. ஆய்வுகூடத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் இரசாயனம் படிப்பிப்பது எப்படி என்று அதிபரிடம் கேட்டேன். "மனசில நினைச்சுப் படிப்பியுங்கோ ரீச்சர்" என்றார். பகிடி என்று நினைக்கிறேன்.

கதைத்துப் பயனில்லை, காட்டலாம் என்று நினைத்தேன். ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்து காட்டுவதுதான். கூரைத் தண்ணீர் வடிகிற பீலி மாதிரி ஒன்றைச் சரித்து, மேல் முனையில் பெற்றோலில் நனைத்த துணித்துண்டு, கீழ் முனையில் மெழுகுதிரி. கண்ணுக்குத் தெரியாத ஆவி பீலி வழியே இறங்கும். கீழே உள்ள சுடர் ஏறிப்போய் மேலே உள்ள துணியைப் பிடிக்கும். பார்த்தவர்கள் மறப்பதில்லை.

குளியலறை வேலையில் மிஞ்சின பிவிசிக் குழாயை அருளைக் கொண்டே நெடுக்காக வெட்டுவித்தேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால் வைத்தோம். பக்கத்தில் ஒரு வாளி மணல். அருள், மச்சாள், டிலானி மூவரும் தள்ளி நின்றார்கள்.

மெழுகுதிரி நூர்ந்தது. திரும்பக் கொளுத்தினேன். நூர்ந்தது. கச்சானுக்கு முதுகு காட்டி நின்று சேலையால் மறைத்தேன். சுடர் நின்றது. ஆனால் ஆவி காற்றோடு போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. துணி காய்ந்தே போனது.

"மாதாவே ஊதி நூத்துப்போட்டா, பாத்தியளே" என்றான் அருள். டிலானி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மச்சாள்கூடச் சிரித்தாள்.

பீலியைக் கழுவி வைத்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் பதில் வந்தது: முற்றத்தில் காற்று இருக்கிறது, பெட்டிக்குள் காற்று இல்லை. அதுதான் வித்தியாசம். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் பாத்திரம் கழுவும்போதுதான்.

3, புதன்

மூப்பரிடம் போனேன்.

ஃபாதரிடம் போகலாம்தான். படித்தவர், மன்னார்ப் பக்கம், புதிதாக வந்தவர், ஒரு சொல்லில் நிறுத்திவிடுவார். அப்படியானால் அடுத்த பூசையில் வேறு வீட்டுப் பெயர். அருளின் வள்ளத்தை அருளின் அக்காவே மறித்தா என்று கரை முழுக்கக் கதை. அவன் சாகும்வரை அதோடு இருக்க வேண்டும். அது வேண்டாம்.

கோயில் குளிர்ச்சியாக இருந்தது. மூப்பர் தண்டுகளில் உறைந்த மெழுகைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பினார். கதிரை இழுத்துப் போட்டார். எத்தனை வருடம் கழித்து வருகிறேன் என்று இரண்டு பேரும் கணக்குப் பார்த்திருப்போம். இரண்டு பேரும் சொல்லவில்லை.

நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, மாதா தன் சின்ன வயதிலிருந்து வள்ளத்தில்தான் போகிறா, எண்ணெய் எப்போதும் வள்ளத்தில் இருந்தது என்றார். அப்போது மண்ணெண்ணெய், அது இப்படி ஆவியாகாது, திறந்த தகரக் கான், பெட்டியும் இல்லை என்றேன். பெட்டி இருப்பது இன்னும் பாதுகாப்புத்தானே என்றார். அவர் பக்கத்தில் அது நியாயமாகத்தான் படும். பூட்டினால் பாதுகாப்பு. கள்ளனுக்குச் சரி.

"மணத்துக்கு ஒண்டும் யோசிக்காதேங்கோ ரீச்சர். சாம்பிராணிச் சட்டி ஒண்டை முன்னுக்கு வைக்கச் சொல்லியிருக்கிறன். புகைக்குள்ள பெற்றோல் மணம் ஆருக்கும் தெரியாது."

தணல். பெட்டிக்கு முன்னால் தணல்.

அவர் கத்தியை வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"கோவிக்காதேங்கோ. உங்களுக்கு மாதாவில நம்பிக்கை இல்லையோ, பெட்டியில நம்பிக்கை இல்லையோ?"

"பெட்டியில" என்றேன்.

உண்மை. முழு உண்மை இல்லை. அவருக்கும் தெரியும்.

நவநாள் செபத்துக்கு ஒரு நாளாவது வந்து நில்லுங்கோ, அப்போது ஊர் உங்கள் கதையை வேறு மாதிரிக் கேட்கும் என்றார். மிரட்டல் இல்லை. எனக்கு வழி காட்டுகிறார். ஆனால் நான் முழந்தாளில் நின்றால்தான் பெற்றோல் ஆவியாகும் என்றால் அது என்ன இரசாயனம்? வாசல்வரை வந்து வழியனுப்பினார். கையில் ஒரு பொட்டலம், அவல். வாங்கிக்கொண்டேன்.

4, வியாழன்

நாலு மணிக்கு டிலானியைச் சைக்கிள் பாரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். முகம் சுண்ணாம்பு.

பெட்டிக்கு வெள்ளைத் துணி சுற்றப் போயிருக்கிறாள். துணி வழுக்காமல் இருக்க மூடிக்கு உள்ளே மடித்துச் செருக நினைத்து, பூட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, விளிம்பெல்லாம் துடைத்திருக்கிறாள். நல்ல பிள்ளை, எதையும் முழுதாகச் செய்வாள். தலை சுற்றி, வள்ளத்துக்குள்ளேயே இருந்துவிட்டாள். பிறகு சத்தி எடுத்தாள்.

வெயில் என்றார்கள். பட்டினி என்றார்கள். மச்சாளுக்குத் தெரியும், கண்ணூறு. மாதா வள்ளத்தில் போகிறவள் என்று எத்தனை கண் பட்டிருக்கும். உப்பும் செத்தல் மிளகாயும் கையில் பொத்தித் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கமறவில்லை. கமறாவிட்டால் கண்ணூறு உறுதியாம்.

நான் டிலானியின் தலைமயிரை மணந்து பார்த்தேன். பெற்றோல். தலை தோய வார்த்துப் படுக்க வைத்தோம். ஒரு மணித்தியாலத்தில் தெளிந்தாள். "மாமி, துணியை அரைவாசிதான் சுத்தினனான்" என்று கவலைப்படுகிறாள்.

அருள் கட்டிலடியில் நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வென்ற மாதிரி இருந்திருக்கும்.

5, வெள்ளி

விடுமுறை. வெப்பம் அப்படியே. முற்றத்து முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு.

காலையில் குசினியில் நானும் மச்சாளும். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"மச்சாள், உண்மையா எரியுமோ?"

எரியும் என்று சொல்லேலாது என்றேன். எரியாது என்றும் சொல்லேலாது. காற்று, மூடி, அன்றைய வெயில், எல்லாம் இருக்கிறது. நூறு தரம் போனால் தொண்ணூறு தரம் ஒன்றும் நடக்காமலே போகலாம் என்றேன்.

துருவலகையிலிருந்து எழும்பிவிட்டாள்.

"படிச்ச ஆக்களிட்ட ஒரு பதில் எடுக்கேலாது. உங்கட பிள்ளையெண்டால் விடுவியளோ? அதைச் சொல்லுங்கோ."

விடமாட்டேன் என்றேன். அதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பாதித் தேங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னால் அருள் சண்டை பிடிப்பான். பிள்ளையை மட்டும் இறக்கினால் மற்ற ஐந்து தாய்மாரும் ஏன் என்று கேட்பார்கள். அதையெல்லாம் அவளே சொல்லி முடித்துவிட்டுத் திரும்பத் துருவத் தொடங்கினாள். நான் எண்ணியிராத கோணம் அது, மற்ற ஐந்து தாய்மார்.

பின்னேரத் தேத்தண்ணிக்கு அருள் வந்தான். நாளை மறுநாள் பவனி. நான் என் குவளையை வைத்துவிட்டுச் சொன்னேன். தாங்கியை எடு என்று சொல்லவில்லை. அது பலமுறை சொல்லியாகிவிட்டது.

"தாங்கி பெட்டிக்குள்ள இருந்தால் நானும் ஏறுவன். டிலானிக்குப் பக்கத்தில, பெட்டியோட ஒட்டி இருப்பன்."

மச்சாள் பணிஸ் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். அருள் என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணியைப் பார்த்தான்.

"நீங்கள் கோயிலுக்கே வராத ஆள்."

"ஓம்."

"சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

சேட் ஒன்றைக் கொழுவிக்கொண்டு வெளியே போனான். தேத்தண்ணி அப்படியே. மச்சாள் அதை எடுத்து ஊற்றவில்லை. மூடி வைத்தாள்.

நான் சொன்னது வெருட்டு இல்லை. ஏறியிருப்பேன். அது எனக்கே புதினம்.

6, சனி

விடிய எழும்பினால் பெற்றோல் மணம்.

விறாந்தையில், என் கதிரைக்குப் பின்னால், சிவப்புத் தாங்கி. குழாய் சுருட்டி மேலே. பக்கத்தில் சாக்கு விரித்து இஞ்சினும் கிடக்கிறது. இரண்டு பேராவது தூக்கியிருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை.

மணக்க மணக்க அதிலேயே இருந்து தேத்தண்ணி குடித்தேன்.

அருள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. மச்சாள் வழியாகத் தெரிந்தது. நேற்றுப் பின்னேரம் இங்கிருந்து நேரே மூப்பரிடம் போயிருக்கிறான். இஞ்சின் சத்தத்தில் பிள்ளைகளின் பாட்டுக் கேட்பதில்லை, இந்த முறை கோலால் வள்ளத்தைத் தள்ளியே மாதாவைக் கொண்டுபோவோம் என்றானாம். களப்பில் இப்போது தண்ணீர் குறைவு, கோல் ஊன்றலாம், இரண்டு சிநேகிதரும் கூட வருவார்களாம். மூப்பருக்குக் கண் கலங்கிவிட்டதாம். இந்தக் காலத்துப் பொடியளில் இப்படி ஒரு பக்தியா என்று. இரவு நவநாளில் எல்லோருக்கும் சொல்லி, பின்னால் வருகிற வள்ளங்களும் முடிந்தவரை இஞ்சினை நிற்பாட்டச் சொல்லிவிட்டார்.

பெற்றோல் என்ற சொல்லே எங்கும் வரவில்லை. பெட்டி, ஆவி, பீலி, நான், ஒன்றும் இல்லை.

மூப்பர் நம்பினாரா? புதன்கிழமை நான் அவரிடம் போனதை அவர் மறந்திருக்க மாட்டார். கண் கலங்கத் தெரிந்த மனிதருக்கு வேறு பலதும் தெரியும்.

பத்து மணி போலக் கரைக்குப் போனேன். பெட்டியின் மூடியைக் கழற்றி மணலில் வெயிலுக்குப் போட்டிருந்தான். உள்ளே தேய்த்துக் கழுவியிருக்கிறான். வள்ளத்தின் அடியும் கழுவியிருக்கிறது. சைக்கிள் ரியூப்பை உரித்து எறிந்திருக்கிறான். புதுப் பெயின்றும் அதோடு உரிந்து வந்திருக்கிறது, பட்டை பட்டையாக. குனிந்து மணந்தேன். சவர்க்காரம். திரும்பக் குனிந்து, அடிமூலையில். சவர்க்காரம்தான்.

நிமிர்ந்தால் அருள் கோலைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"மணம் இல்லையெண்டு சொன்னால் நம்பமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்" என்றான். "நாளைக்கு ஏறி இருந்து பாருங்கோ."

தாங்கி இல்லாவிட்டால் நான் ஏறத் தேவையில்லை என்றேன். அதுதானே பேச்சு.

"பேச்சு உங்கட. வள்ளம் என்ர."

8, திங்கள்

நேற்று எழுதவில்லை. களைப்பு.

ஏறினேன். மண்ணிறச் சேலை, வெள்ளைக் கூட்டத்துக்குள் காகம் மாதிரி. டிலானி தள்ளியிருந்து இடம் விட்டாள். பெட்டிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி. துணியின் மடிப்பைத் தூக்கி ஒருமுறை மணந்தேன். பூவும் சாம்பிராணியும். டிலானி கண்டுவிட்டாள். தன் மெழுகுதிரியில் இன்னொன்றைக் கொளுத்தி என் கையில் திணித்தாள்.

கரையில் சனம் பார்த்தது. சிரித்ததாகத் தெரியவில்லை. மூப்பர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கொஞ்சமாக, வழியில் கண்டவருக்கு ஆட்டுவது போல. அதற்கு நன்றி.

அருள் பின்னால். வெள்ளைச் சேட், மடித்துக் கட்டிய சாரம். கோல் சேற்றில் இறங்கும் சத்தமும் இழுபடும் சத்தமும். களப்பு பாய் விரித்த மாதிரி இருக்கவில்லை. கச்சான் இருந்தது. வள்ளம் ஆடியது. நடுவில் ஒரு திருப்பத்தில் அலை அடிக்க, தண்டிலிருந்த மெழுகுதிரி ஒன்று கழன்று சரிந்து, பூவுக்குள் விழுந்து, அங்கிருந்து உருண்டு டிலானியின் காலடியில். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது போன வழி முழுதும். வள்ளத்து அடியில் ஈரத்தில் சீறி நூர்ந்தது.

டிலானி காலைத் தூக்கிக்கொண்டாள். பாட்டை விடவில்லை. யாரும் பெரிதாக எடுக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அருள் கோலை ஊன்றியபடி அசையாமல் நின்றான். அவன் கண் அந்த நூர்ந்த திரியில். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு கோலை இழுத்தான்.

பின்னால் வந்த வள்ளங்களில் பாதி இஞ்சினை நிற்பாட்டியிருந்தன. பாட்டு அக்கரைவரை கேட்டதாம். எனக்குப் பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மாமி, உங்கட வாய் அசைஞ்சது, என்கிறாள் டிலானி. காற்று என்றேன்.

திரும்பி வந்து வீட்டுப் படியில் கால் கழுவும்போது அருள் கேட்டான், தாங்கியை எங்கே வைப்பது, வள்ளத்தில், இனிமேல். வெளியில், இஞ்சினுக்குக் கிட்ட, நிழல் வரும் இடத்தில், ஓடும்போது திருகைத் திறந்து, என்றேன். கள்ளர்? இரவில் வீட்டுக்குக் கொண்டுவா என்றேன். விறாந்தைக்கு இல்லை, பின் கொட்டிலுக்கு. அடுப்பில்லாத பக்கம்.

"ஓம்" என்றான்.

இன்று திருநாள். பூசைக்கு மணி அடிக்கிறது. மச்சாளும் டிலானியும் வெளிக்கிட்டுப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. கையில் மெழுகு வடிந்த இடம், பெருவிரலடி, சிவந்திருக்கிறது.

தாங்கி இன்னும் என் கதிரைக்குப் பின்னால். திருகு இறுக்கியிருக்கிறது. கிழக்கு வெயில் விறாந்தைக்குள் வரத் தொடங்கிவிட்டது, ஏறுமுன் கொட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பாரம். தனியே ஏலாது. அருளை எழுப்பப் போனேன். கோல் பிடித்த கை இரண்டும் கொப்புளம், விரித்தபடி நித்திரை.

கதிரையை நகர்த்தி வெயிலை மறைத்திருக்கிறேன். அவன் எழும்பட்டும்.